படகுக்குக் காசு கொடுத்தது நாங்கள்தான், ஆனால்

"மொத்தம் எத்தனை தீவு பாத்தீங்க?" குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகரத்திலிருந்து படகு எடுத்துப் போய் வந்தோம் என்று சொன்னால் போதும், அடுத்து எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான். மூன்று என்று சொன்னதும் எதிராளி கொஞ்சம் தயங்குவார். பிறகு செலவு எவ்வளவு என்பார். ஆறு பேருக்கும் சேர்த்து, சாப்பாடு உட்பட, ஏறக்குறைய ஆறாயிரம் யூரோ. அவர் மனதுக்குள் வகுத்துப் பார்ப்பது முகத்திலேயே தெரியும். எங்கள் கூட்டத்தில் ஒருவன் அந்தச் சிரமத்தைக்கூட அடுத்தவருக்கு வைக்கவில்லை, வாட்ஸ்அப் குழுவிலேயே வகுத்துப் போட்டுவிட்டான்: ஒரு தீவுக்கு இரண்டாயிரம் யூரோ. பயணத்துக்கு முன்னால் எக்செல் ஷீட் போட்டவனும் அவன்தான், அதில் ஏழு தீவுகள் இருந்தன. பாக்கி நான்கும் எங்கே போயின என்று கேட்டால் அவன் ஒரே பதில் வைத்திருக்கிறான்: படகை ஓட்டிய ஸ்கிப்பர் சோம்பேறி, நம்மை ஏமாற்றிவிட்டான். இதைப் பற்றி அவனோடு போனில் சண்டை போட்டிருக்கிறேன், வீட்டில் பிரியாணி வைத்துக்கொண்டும் சண்டை போட்டிருக்கிறேன். முடிகிறபாடாக இல்லை. அவன் சொல்வதில் எங்கேயோ ஒரு நியாயம் இருப்பதுபோலவும், ஆனால் மொத்தமாகப் பார்த்தால் தப்பாகவும் படுகிறது. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

ஸ்ப்ளிட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது, நான் சுருக்கமாகவே சொல்கிறேன். ரோமச் சக்கரவர்த்தி டயோக்ளீஷியன் தன் ஓய்வுக்காலத்துக்குக் கட்டிய அரண்மனை அது. 305-ல் பதவியைத் தானாகவே துறந்துவிட்டு, பிறந்த மண்ணான டால்மேஷியாவில், சலோனா நகரத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக வந்து உட்கார்ந்துகொண்டார். திரும்ப வந்து ஆட்சியை ஏற்கச் சொல்லிக் கேட்டபோது, நான் கையால் நட்ட முட்டைக்கோஸைப் பார்த்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள் என்றாராம். நான் அவரிடம் ரசிப்பது அந்த ஒரு பதிலைத்தான், மற்றபடி கிறிஸ்தவர்களை அவர் வேட்டையாடிய கதையெல்லாம் கொடூரம். அவருடைய சமாதி மண்டபம் பிற்காலத்தில் தேவாலயமாகிவிட்டது, அதுவும் அவர் காலத்தில் கொல்லப்பட்ட பிஷப் டோம்னியுஸின் பெயரில். இன்றைக்கு அந்த அரண்மனைக்குள் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஆயிரத்து எழுநூறு வருஷத்துச் சுவருக்கு நடுவே கொடி கட்டி ஜட்டி காயப்போடுகிறார்கள். தெற்கு வாசல் ஒரு காலத்தில் நேராகக் கடலில் திறந்ததாம். இப்போது அதன் முன்னால் ரிவா என்ற அகலமான நடைபாதை, பனைமரங்கள், விலை அதிகமான காபி. அரண்மனையின் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் எதிரே தெரிகிற ப்ராச் தீவிலிருந்து வந்தது. கல்லை ஏற்றி வந்த அதே கடலில்தான் இப்போது சனிக்கிழமைதோறும் எங்களைப்போன்ற ஆட்களை ஏற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான படகுகள் எதிர்த்திசையில் போகின்றன.

சனிக்கிழமைதோறும் என்று சும்மா சொல்லவில்லை. படகு எடுத்து நம் இஷ்டத்துக்குச் சுற்றலாம் என்றுதான் விளம்பரம் சொல்கிறது, ஆனால் இவ்வளவு கறாரான கால அட்டவணை உள்ள சுற்றுலாவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சனி மாலை நாலு, ஐந்து மணிக்குப் படகைக் கையில் கொடுப்பார்கள். வெள்ளி மாலைக்குள் டீசல் நிரப்பி மரினாவுக்கு, அதாவது படகுத்துறைக்கு, திரும்பிவிட வேண்டும், அடுத்த சனி காலை ஒன்பதுக்குள் மூட்டை முடிச்சோடு இறங்கிவிட வேண்டும். ஸ்ப்ளிட், பக்கத்தில் காஷ்டெலா, அந்தப் பக்கம் த்ரோகிர், எல்லா மரினாவிலும் இதேதான். ஆக, அந்தக் கரையோரம் முழுக்க ஒரே நாளில் கிளம்பி ஒரே நாளில் திரும்புகிறது. மாலை நாலு மணிக்கு மேல் எந்தத் துறைக்குப் போனாலும் கட்டுவதற்கு இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். நல்ல விரிகுடாவில் மிதவைக்கு முன்பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கரையில் இருக்கும் கொனோபாவில், அதாவது குடும்பமாக நடத்தும் சாப்பாட்டுக் கடையில், ராத்திரி சாப்பிடுகிறோம் என்று சொல்லி அவர்களுடைய மிதவையில் கட்டிக்கொள்ள வேண்டும். இது நல்ல ஏற்பாடுதான், விலையைப் பார்க்காதவரைக்கும்.

லைசென்ஸ் விஷயம் எங்களுக்குப் பெரிய குழப்பமாக இருக்கவில்லை, ஏனென்றால் யாரிடமும் இல்லை. குரோஷியாவில் படகை நாமே ஓட்ட வேண்டுமென்றால் அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் வேண்டும், கூடவே கடலில் பேசுவதற்கான விஎச்எஃப் ரேடியோவைக் கையாளத் தனியாக ஒன்று. இரண்டும் இல்லாதவர்கள் ஸ்கிப்பரை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நாளுக்கு இருநூறு யூரோ, அவருக்கு ஒரு கேபின், மூன்று வேளை சாப்பாடு. நாங்கள் மூன்று ஜோடி, நாலு கேபின் உள்ள, பவேரியா கம்பெனிப் படகு, கணக்குச் சரியாக இருந்தது. பவேரியாவின் தலைநகரான மியூனிக்கில் இருந்துகொண்டு குரோஷியாவில் போய் பவேரியாவில் தயாரான படகை வாடகைக்கு எடுப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, ராத்திரி முழுக்க டவர்ன் சுரங்கம், கரவாங்கன் சுரங்கம் என்று கார் ஓட்டிக்கொண்டு போனவர்களுக்கு அது வேடிக்கையாகத் தெரியாது.

படகுக்குள் இருப்பது பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. வெளியே இருந்து பார்த்தால் வெள்ளை, பளபளப்பு, சினிமா. உள்ளே போனால் ஸ்லீப்பர் பஸ்ஸின் மேல் பெர்த் மாதிரி கேபின், நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். கழிவறையில் கையால் பம்ப் அடிக்க வேண்டும், பேப்பரை உள்ளே போடக்கூடாது, போட்டால் அடைத்துக்கொள்ளும், அடைத்தால் சரிசெய்கிற செலவு டெபாசிட்டிலிருந்து போகும். தண்ணீர்த் தொட்டி தீர்ந்தால் தீர்ந்ததுதான், அடுத்த துறையில் நிரப்பும்வரை பல் விளக்குவதற்கும் யோசிக்க வேண்டும். அடுப்பு ஊஞ்சல் மாதிரி ஆடும்படி வைத்திருப்பார்கள், படகு சாய்ந்தாலும் பாத்திரம் நேராக நிற்கும். என் மனைவி அதில் ரசம் வைத்தாள். புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி, ஒரு சின்ன குக்கர், எல்லாம் மியூனிக்கிலிருந்தே வந்திருந்தன. ஸ்கிப்பர் முதல் நாள் ரசத்தை மோந்து பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கினார், மூன்றாம் நாள் கப்பில் வாங்கிக் குடித்தார்.

அவருக்கு இருபத்துநாலு, இருபத்தைந்து வயது இருக்கும். ஸ்ப்ளிட் பல்கலைக்கழகத்தில் கடல்துறைப் படிப்பு, கோடையில் இந்த வேலை. அதிகம் பேச மாட்டார். கயிறு எறியச் சொன்னால் எறிய வேண்டும், இப்போது வேண்டாம் என்றால் வேண்டாம். எங்கள் எக்செல்காரனுக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. "நம்மகிட்ட சம்பளம் வாங்கிட்டு நம்மளையே அதட்டுறான் பாரு மச்சி" என்றான்.

ஸ்தாரி கிராடில் நின்றது

ஞாயிறு ப்ராச் தீவின் மில்னா. அங்கே சொல்ல அதிகமில்லை. அழகான துறை, நல்ல குளியல், கொனோபாவில் பிளித்வா கிடைத்தது, எங்களில் ஒருத்தி சைவம் என்பதால் இதைக் குறித்து வைத்துக்கொண்டோம். கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஆலிவ் எண்ணெயில், நம் ஊர் மசியலுக்கு ரொம்ப தூரமில்லை. திங்கள் காலை காற்றே இல்லை, பதினொரு மணிக்கு மேல் மாயிஸ்த்ரல் வந்தது. வடமேற்கிலிருந்து வெயில் நாட்களில் பகலில் மட்டும் வீசுகிற காற்று, சாயங்காலமானால் தானாக அடங்கிவிடும். பாய் விரித்து, இன்ஜினை நிறுத்தினார். இன்ஜின் நின்றதும்தான் நாங்கள் எல்லோரும் கத்திப் பேசிக்கொண்டிருந்தோம் என்பதே தெரிந்தது. அந்தப் பிற்பகல் முழுக்க யாரும் போனை எடுக்கவில்லை, எக்செல்காரன் உட்பட. சுக்கானை அவன் கையில் கொடுத்திருந்தார் ஸ்கிப்பர். அவன் அந்த இரண்டு மணி நேரம் இருந்த சந்தோஷத்தை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், சண்டையில் ஆதாரமாகக் காட்டுவதற்கு.

மாலை ஹ்வார் தீவின் வடபக்கம் ஸ்தாரி கிராட் போய்ச் சேர்ந்தோம். நீளமான விரிகுடாவின் கடைக்கோடியில் இருக்கிற ஊர். திட்டப்படி ஒரு ராத்திரி தங்கிவிட்டு செவ்வாய் காலை வீஸ் தீவுக்குக் கிளம்ப வேண்டும். புதன் பிஷேவோ தீவில் நீலக்குகை. வியாழன் பக்லெனி தீவுகள், ஹ்வார் நகரம். வெள்ளி ஷோல்தா தீவில் ஒரு முங்கு போட்டுவிட்டு ஸ்ப்ளிட்.

வீஸ்தான் இந்தப் பயணத்தின் காரணமே. யூகோஸ்லாவியா காலத்தில் ராணுவத் தளம், 1989 வரை வெளிநாட்டுக்காரர்களை உள்ளே விடவில்லை, அதனால் மற்ற தீவுகள் போல ஹோட்டல் கட்டிக் குவிக்கவில்லை. நீர்மூழ்கிக் கப்பல் ஒளிந்துகொள்ளும் சுரங்கம் இன்னும் கடலோரம் வாய் திறந்து நிற்கிறது. எங்கள் ஆளுக்கு இதைவிட முக்கியம், அங்கே கிரிக்கெட் ஆடுகிறார்கள். நெப்போலியன் காலத்துப் போரில் பிரிட்டிஷ் கடற்படை அந்தத் தீவைப் பிடித்து வைத்திருந்தபோது ஆடியிருக்கிறார்கள், அந்தக் காலத்து கேப்டன் வில்லியம் ஹோஸ்டின் பெயரிலேயே இப்போது ஒரு கிளப் இருக்கிறது. தமிழ்நாட்டில் தெருவில் ஆடி வளர்ந்தவனுக்கு ஏட்ரியாட்டிக் கடல் நடுவே ஒரு பிட்ச் என்றால் சும்மா இருப்பானா? மட்டையைத் தவிர எல்லாம் பேக் செய்துகொண்டு வந்திருந்தான். நீலக்குகையும் அப்படித்தான். 1884-ல் செயற்கையாக ஒரு வாய் திறந்த பிறகுதான் சின்னப் படகு உள்ளே போகவே முடிந்தது. பகல் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் வெயில் கடலுக்கடியில் இருக்கும் திறப்பு வழியாக உள்ளே விழுந்து, குகை முழுக்க நீல வெளிச்சமாகும்.

திங்கள் ராத்திரியே காற்றில் ஒரு பிசுபிசுப்பு. துவைத்துப் போட்ட துண்டு காயவில்லை. செவ்வாய் காலை ஏழு மணிக்கு எழுந்து பார்த்தால் வானம் வெளுத்த சாம்பல் நிறம், ஆனால் துறைக்குள் தண்ணீர் ஆடவே இல்லை, கண்ணாடி. காபி போட்டுக்கொண்டே ஸ்கிப்பர் சொன்னார், இன்றைக்கு நாம் போகவில்லை. ஏதோ கடையில் பால் இல்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். ஜூகோ வருகிறது.

ஜூகோ தென்கிழக்குக் காற்று. வடகிழக்கு மலையிலிருந்து பாய்ந்து வரும் புராவைப்போலத் திடீரென்று அடிக்காது, ஒரு நாள், இரண்டு நாள் எடுத்துக்கொண்டு மெதுவாக வளரும். ஏட்ரியாட்டிக்கின் முழு நீளமும் அதற்கு ஓடுபாதை, அதனால் அலை ஒவ்வொன்றும் நீளமாகவும் கனமாகவும் வரும். இந்தக் காற்று வீசினால் ஆட்களுக்கு எரிச்சலும் சோர்வும் வரும் என்று அங்கே எல்லோரும் நம்புகிறார்கள், பழைய துப்ரோவ்னிக் குடியரசில் ஜூகோ வீசுகிற நாட்களில் சட்டசபை முடிவு எதுவும் எடுக்காது என்று ஒரு கதைகூட உண்டு. எங்கள் படகில் நடந்ததைப் பார்த்தால் அந்தக் கதை உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

எக்செல்காரன் தண்ணீரைக் காட்டினான். "எங்கே அலை? ஒண்ணுமே இல்லையே." ஸ்கிப்பர் வரைபடத்தை மேசையில் விரித்தார். விரிகுடாவிலிருந்து வெளியே போய், தீவின் மேற்கு நுனியான பெலெகிரின் முனை தாண்டும்வரை ஹ்வார் தீவே நமக்கு மறைப்பு, குளத்தில் போகிற மாதிரிதான் இருக்கும். தாண்டியதும் திறந்த கடல். மொத்தம் இருபத்தைந்து கடல் மைல், நாலைந்து மணி நேரம், அதில் பாதிக்கு மேல் பக்கவாட்டில் அலை. குகையின் வாசல் அந்தப் பக்கமே பார்த்து இருக்கிறது, இந்த அலையில் யாரையும் உள்ளே விட மாட்டார்கள். நாளைக்குக் காற்று இன்னும் ஏறும். வியாழன், வெள்ளியில் திரும்புவதற்கு என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. அப்புறம் அவர் நிமிர்ந்து எங்களை வரிசையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்குப் பயமில்லை. இந்தப் படகுக்கும் ஒன்றும் ஆகாது. உங்கள் ஆறு பேரில் நாலு பேர் வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். எதற்காக?"

"எங்களுக்குப் பரவாயில்லை. ரிஸ்க் எங்களுடையது" என்றான் நண்பன்.

"இல்லை, என்னுடையது."

அவ்வளவுதான். கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. துறைமுக அலுவலகத்துக்குக் கொடுத்த ஆட்கள் பட்டியலில் ஸ்கிப்பர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருக்கிறது, நாங்கள் ஆறு பேரும் அதற்குக் கீழே வரிசையாக வருகிறவர்கள். காபிக் கோப்பையைக் கழுவிவிட்டு, கூடுதலாக ஒரு கயிறு கட்டக் கரைக்கு இறங்கினார்.

பிறகு நாங்கள் தமிழில் சண்டை போட்டோம், அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில். குரலை வைத்தே எல்லாம் புரிந்திருக்கும். இவன் நம்ம காசுல லீவு போடுறான்டா. கம்பெனிக்கு போன் பண்ணுவோம், வேற ஸ்கிப்பர் அனுப்பச் சொல்வோம். வீஸ் இல்லன்னா இந்த டிரிப்பே எதுக்கு, கார்டா ஏரிக்குப் போயிருக்கலாமே. என் மனைவி தூத்துக்குடிக்காரி, அவளுடைய தாத்தா தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனவர். அவள் அதுவரை வாயே திறக்கவில்லை. கடைசியில் எரிச்சலாகிச் சொன்னாள்: "எங்க வீட்ல தாத்தா என்னைக்குக் கிளம்புறார்னு கேட்டா பதில் சொல்வாங்க. என்னைக்கு வருவார்னு கேட்டா ஆச்சி முறைப்பாங்க. நீங்க என்னடான்னா வர்ற நேரத்தையும் சேத்து எக்செல்ல போட்டுட்டு கடலுக்கு வந்திருக்கீங்க." அதற்கு எவனும் பதில் சொல்லவில்லை, ஆனால் அவன் போன் பண்ணினான். கம்பெனியில் எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, படகு எங்கே எப்போது போகும் என்பது ஸ்கிப்பரின் முடிவு, ஒப்பந்தத்தில் இருக்கிறது, படித்துப் பாருங்கள் என்றார். இருந்தது.

என்னை அரித்துக்கொண்டிருப்பது அந்தக் காலைதான். கால் டாக்ஸி ஓட்டுநரிடம் "அண்ணா, அந்த ரோடு வேணாம், இந்த ரோட்ல போங்க" என்று சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். காசு கொடுத்த இடத்தில் முடியாது என்ற சொல்லைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது! முடியாது என்றால் வேறு ஆப், வேறு கடை, குறைந்தபட்சம் ஒரு நட்சத்திரம் போட்டு ஒரு விமர்சனம். அவருக்கும் இதெல்லாம் தெரியும். இந்த வேலையில் சம்பளத்துக்கு அடுத்து டிப்ஸ்தான் முக்கியம், வார முடிவில் கம்பெனி எங்களிடம் ஸ்கிப்பர் எப்படி என்று கேட்கும் என்பதும் தெரியும். போகலாம் என்று சொல்லியிருந்தால் நாங்கள் வாந்தி எடுத்துவிட்டு, குகை மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, பாவம் அவர் என்ன செய்வார், முயற்சி பண்ணினார் என்று சொல்லித் தாராளமாக டிப்ஸும் கொடுத்திருப்போம். அவருக்கு லாபம் அதில்தான் இருந்தது. சோம்பேறி என்ற வாதம் எனக்கு ஒட்டாமல் போவது இந்த இடத்தில்தான். சோம்பேறி எங்களோடு சண்டை போட்டிருக்க மாட்டார்.

அங்கே இருந்த இரண்டு நாள்

வேறு வழியில்லாமல் ஸ்தாரி கிராடைச் சுற்றினோம். கிரேக்கத்தின் பாரோஸ் தீவிலிருந்து வந்தவர்கள் கி.மு. 384-ல் அமைத்த ஊர். ஊருக்கு வெளியே சமவெளி, சைக்கிள் வாடகைக்கு எடுத்துப் போனோம். அந்தக் கிரேக்கர்கள் வயலைச் சதுரம் சதுரமாகப் பிரித்த அதே கோட்டில் கல்வரப்புகள் இன்றைக்கும் நிற்கின்றன, உள்ளே அதே திராட்சை, அதே ஆலிவ். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். இதை ஒரு நினைவுச்சின்னம்போலப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை, டிக்கெட் கவுன்ட்டர் கிடையாது, ஒரு பெரியவர் டிராக்டரில் போய்க்கொண்டிருந்தார். எங்கள் நண்பன் மட்டும் புதன்கிழமை பஸ் பிடித்து மலை தாண்டி ஹ்வார் நகரம் போய், 1612-ல் கட்டிய நாடக அரங்கையும் மேலே கோட்டையையும் பார்த்துவிட்டு வந்தான். அதைத் தனித் தீவாகக் கணக்கில் சேர்க்க முடியாதே என்று அவனுக்கு வருத்தம், ஒரே தீவுதானே.

எனக்கு அந்த ஊரில் பிடித்துப்போனது த்வர்தாலி என்கிற வீடு. பதினாறாம் நூற்றாண்டில் பேதர் ஹெக்தொரோவிச் என்ற பிரபு, கவிஞர், துருக்கியர் படையெடுப்புக்குப் பயந்து கோட்டை மாதிரிக் கட்டிக்கொண்டது. நடுமுற்றத்தில் கடல்நீர்க் குளம், அதில் இன்றைக்கும் மீன்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சுவரெங்கும் லத்தீனில் கல்வெட்டு. அந்த மனிதர் ஒரு தடவை இரண்டு மீனவர்களைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் படகில் போயிருக்கிறார், எங்கே என்று பார்த்தால் ப்ராச், ஷோல்தா. கிட்டத்தட்ட எங்கள் பாதை. திரும்பி வந்து அதை நீள்கவிதையாக எழுதி, அது 1568-ல் வெனிஸில் அச்சாகியிருக்கிறது. அரண்மனை வர்ணனையும் தேவதைகளும் எழுதிய காலத்தில், அவர் எழுதியது அந்த இரண்டு மீனவர்கள் வழியில் பேசியதையும் பாடியதையும் போட்ட விடுகதையையும்தான். பாட்டின் மெட்டைக்கூட எழுதிவைத்திருக்கிறார். படகுக்குச் சொந்தக்காரன் பேசாமல் உட்கார்ந்து ஓட்டுகிறவன் சொல்வதைக் கேட்டிருக்கிறான், நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலேயே. இதை நான் அன்று சாயங்காலம் படகில் சொன்னபோது எங்கள் ஆள், "அவங்களும் வீஸ் போகலையா?" என்று கேட்டான்.

செவ்வாய் மாலை மழை. புதன் முழுக்கக் காற்று பாய்மரக் கம்பிகளில் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. ராத்திரி ஒரு கொனோபாவில் பேக்கா சொல்லியிருந்தோம், இரும்பு மூடி போட்டு மேலே தணல் கொட்டி மணிக்கணக்கில் வேகவைக்கிற ஆக்டோபஸ். மத்தியானமே சொல்லிவைக்க வேண்டும். அவசரமாக வருகிறவர்களுக்குக் கிடைக்காத சாப்பாடு அது. ஸ்கிப்பர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார், அவருடைய அப்பா எண்பதுகளில் கப்பலில் பம்பாய்க்கு வந்த கதையைச் சொன்னார். நண்பன் ஒன்றிரண்டு கேள்வி கேட்டான், பேச்சு நன்றாகத்தான் போனது. வியாழன் காற்று தணிந்ததும் ஷோல்தாவின் மஸ்லினிட்சாவுக்குப் போனோம், அது மேற்கே திறந்த துறை, மிச்சமிருந்த தென்கிழக்கு அலை எட்டாது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன். வெள்ளி மாலை ஸ்ப்ளிட்டில் டீசலுக்கு வரிசை. எல்லாப் படகும் ஒரே நேரத்தில் வந்தால் வேறெப்படி இருக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்தோம். பக்கத்தில் வட்டமடித்த போலந்துக்காரர்களின் படகு ஸ்தாரி கிராடில் எங்களுக்கு அடுத்துக் கட்டியிருந்தது, செவ்வாய் காலையிலேயே கிளம்பிப் போனவர்கள். எங்கே போனீர்கள் என்று கத்திக் கேட்டோம். வீஸ்! நல்ல ஆட்டம், இரண்டு பேருக்கு வாந்தி, குகை மூடியிருந்தது, ஆனால் வீஸ் நகரத்துத் துறை வடகிழக்கே பார்த்தது, உள்ளே போனதும் அமைதி, பிரமாதமான ஊர், ஒயின் அருமை. எங்கள் ஆள் என்னைத் திரும்பிப் பார்த்தான் பாருங்கள், அந்தப் பார்வைக்கு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பதில் ஒன்று இருக்கிறது, அவன்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். அவர்கள் போய்விட்டு வந்துவிட்டார்கள் என்பதால் நாங்கள் போகாதது தப்பாகிவிடாது. அந்தப் படகில் ஆறு பேருமே வருஷாவருஷம் பால்டிக் கடலில் பாய் விரிக்கிறவர்கள், ஒருவர் வாந்தி எடுத்தால் இன்னொருவர் கயிறு இழுப்பார். எங்கள் படகில் கயிற்றில் முடிச்சுப் போடத் தெரிந்தது ஒரே ஒருவருக்கு, அவர்தான் முடியாது என்றார். அவர்களுடைய ஸ்கிப்பர் தன் ஆட்களைப் பார்த்து சரி என்றிருக்கிறார், எங்களுடையவர் எங்களைப் பார்த்து வேண்டாம் என்றிருக்கிறார், இரண்டும் சரியாக இருக்கலாம். செவ்வாய் காலை வரைபடத்துக்கு மேலே அவர் எங்களை வரிசையாகப் பார்த்தாரே, அந்த நேரத்தில் நாங்கள்தான் அவருடைய வானிலை அறிக்கையின் பாதி.

போகலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு இப்போதெல்லாம் இப்படிச் சொல்கிறேன். தீவுகள் பார்க்க வேண்டும், எண்ணிக்கை வேண்டும் என்றால் தயவுசெய்து படகு எடுக்காதீர்கள். ஸ்ப்ளிட்டில் ஒரு அறை போடுங்கள், ரிவாவின் முனையில் யாத்ரோலினியா என்ற கப்பல் கம்பெனியின் கவுன்ட்டர் இருக்கிறது, ஹ்வார் நகரத்துக்கு வேகப் படகான கேடமரான் ஒரு மணி நேரம், வீஸுக்குப் பெரிய ஃபெரி இரண்டேகால் மணி நேரம் சொச்சம், எங்களைத் தடுத்து வைத்த மாதிரிக் காற்றிலும் பெரிய ஃபெரி பெரும்பாலும் ஓடும். படகுக்குக் கொடுத்த அளவு ஆகாது. படகு எடுப்பது படகில் இருப்பதற்காக. இன்ஜின் நின்ற அந்தத் திங்கள் பிற்பகலுக்காக, ஆடுகிற அடுப்பில் ரசம் வைப்பதற்காக, எவனோ ஒருவன் இன்றைக்கு இல்லை என்று சொன்னால் அந்த ஊரிலேயே கிடப்பதற்காக. இது பிடிக்காத ஆளும் உண்டு, அதில் தப்பில்லை, ஆனால் ஆறாயிரம் யூரோ கட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது. வாரத்துக்கு நடுவில் திட்டத்தில் இரண்டு நாள் காலியாக விடுங்கள் என்றும் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை.

சனி காலை எட்டரைக்கு மரினாவில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தோம். டிப்ஸ் எவ்வளவு என்று கடைசியாக ஒரு சண்டை, கிசுகிசுப்பாக. என் மனைவி யாரையும் கேட்காமல் ஒரு கவரில் வைத்துக் கொடுத்துவிட்டாள், மீதமிருந்த ரசப்பொடி டப்பாவையும் சேர்த்து. வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலம், வடமேற்கிலிருந்து இளங்காற்று. அதே படகு, அதே ஸ்கிப்பர், மாலை ஐந்து மணிக்கு அடுத்த கூட்டம் வருகிறதாம். நண்பன் கை குலுக்கும்போது கேட்டான், இந்த வாரம் எந்தப் பக்கம் என்று.

"வீஸ்" என்றார். "வாரம் முழுக்க மாயிஸ்த்ரல். கிரிக்கெட் பந்து ஏதாவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா?"